மதகும் மிதவையும்

உத்திரமேரூர் என்னும் பெயரைக் கேட்டதும் மாணவர்க்கு நினைவில் எழுவது குடவோலை முறையே. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் ஏற்பட்ட அவ்வூர்ச் சபையின் தீர்மானங்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதும், கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவரே வாரியம் செய்யத் தகுந்தவர் என்று வகுத்ததும், ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததும் தேர்வுக்கு வரும் செய்திகள். அவற்றை நெட்டுருச் செய்யாத மாணவர் தமிழ்நாட்டில் அரியர். நானும் நெட்டுருச் செய்தவன்தான். அக்கோயிலுக்குக் கூப்பிடு தொலைவில் பிறந்திருந்தும், சுவரில் உள்ளதை நான் முதலில் படித்தது பாடப் புத்தகத்திலேதான்.

அக்கல்வெட்டில் பலரும் விரைந்து கடந்துவிடும் சொல் ஒன்று உண்டு. அது ஏரி வாரியம். குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். பதவிக் காலம் 360 நாள். ஊரின் தலையாய அவையாகிய சம்வத்சர வாரியத்தில் அமர்வதற்கு, முன்பு தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்திருக்கும் அனுபவம் வேண்டும் என்று கருதினார்கள். ஏரியைக் கட்டிக் காத்தவனே ஊரைக் கட்டிக் காக்கத் தகுந்தவன் என்று அவர்கள் எண்ணியதாக நான் கொள்கிறேன். வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவர்க்கு உறவினராய் இன்னின்ன முறையில் நிற்பவரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்பது இன்னொரு விதி. இந்த விதி இன்று நம்மிடையே இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானதோர் பொழுதுபோக்கு.

அவ்வாரியத்தார் காத்த பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்திலேயே அப்பெயர் வழங்கியது. ஏரியில் தூர் வாருவதற்கெனப் பொன் வைத்த செய்தியும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் வருகிறது. பொன்னுக்குக் கழஞ்சு உண்டு. நெல்லுக்கு மரக்கால் உண்டு. நிலத்துக்குக் கோல் உண்டு. இவை யாவற்றுக்கும் கணக்குக் காட்டலாம். ஆனால் ஏரிக்காரர் கையாள வேண்டிய பொருள்களுள் அளப்பதற்கு மிக அரியது, அந்த ஏரி எதற்காக வெட்டப்பட்டதோ அப்பொருளே. மதகின் வழியே ஓடுகின்ற நீரைத்தான் சொல்கிறேன்.

நிற்கின்ற நீரை அளப்பது எளிது. குடத்தால் முகந்து எண்ணலாம். குளத்தின் நீளம், அகலம், ஆழங்களைப் பெருக்கியும் காணலாம். ஓடுகின்ற நீரோ, நாம் அளவுகோலை எடுக்கும்போதே போய்விடுகிறது. ஓட்டத்தை அளப்பதென்றால், இத்தனை நேரத்தில் இத்தனை அளவு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் செய்தித்தாளில் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்று படிக்கிறோமே, அந்தக் கணக்கு அது. இதற்கொரு நல்ல கருவி காண மனிதன் பட்ட பாட்டையும், அக்கருவியின் இரகசியம் எங்கள் ஊர் மதகிலேயே ஒளிந்துகிடந்ததையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

என் தந்தையாருக்குக் கடைமடையில் ஒரு காணி நிலம் இருந்தது. கடைமடை என்றால் என்ன என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். நகரத்து மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மதகிலிருந்து புறப்படும் வாய்க்கால் எங்கே முடிகிறதோ, அங்கே இருப்பது. தண்ணீர் எல்லார் நிலத்தையும் பார்த்துவிட்டு இறுதியில் எங்களிடம் வரும். சில ஆண்டுகளில் வராமலும் இருந்துவிடும். ஏரியில் நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒருவர்க்கு இத்தனை நாழிகை என்று ஊரில் முடிவு செய்வார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நீரை அளக்க இயலாதபோது நேரத்தை அளந்து பங்கிடுவது நம் முன்னோர் கண்ட வழி. அதில் பெரும் அறிவு இருக்கிறது. ஒரு சிறு பிழையும் இருக்கிறது.

நான் சிறுவனாயிருந்த நாளில், அதாவது 1970-க்குச் சற்று முன்பின்னாக, எங்கள் பக்கத்து மதகு ஒன்று பழைய பாணியிலேயே இருந்தது. ஏரியின் உட்புறத்தில் இரண்டு கற்கால்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே துளையிட்ட கற்பலகைகள். துளைகளின் வழியே ஒரு நீண்ட மரக்கம்பு கீழே இறங்கும். கம்பின் அடியில், மேற்புறம் பருத்தும் கீழ்ப்புறம் சிறுத்தும் கடைந்த ஓர் அடைப்புக் கட்டை. அது ஏரியின் தரையிலுள்ள வட்டத் துளையில் போய் அமர்ந்துகொண்டால் மதகு மூடிவிடும். கம்பை உயர்த்தினால், கட்டைக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே வளையம் போல ஓர் இடைவெளி உண்டாகும். எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவுக்கு அந்த வளையம் அகலும். உயர்த்திய கம்பு நழுவாதிருக்க அதில் வரிசையாகத் துளைகள் இட்டு, ஓர் இரும்பு ஆணியைச் செருகி வைப்பார்கள். மதகு திறக்கும் பொறுப்பை வழிவழியாக உடையவரை எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்பது வழக்கம். அன்று அப்பொறுப்பில் இருந்தவர் ஒரு முதியவர். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அவரைத் தாத்தா என்றே அழைப்போம்.

ஒரு நாள் அதிகாலையில் எங்கள் முறை. தந்தையார் வாய்க்காலில் நின்றார். நான் மதகடியில் தாத்தாவோடு இருந்தேன். முதல் நாள் மேல்மடைக்காரர்க்குத் திறந்தபோது மூன்றாம் துளையில் இருந்த ஆணியை அவர் பிடுங்கி, கம்பை உயர்த்தி, நான்காம் துளையில் செருகினார். ஏன் தாத்தா என்று கேட்டேன். “ஏரி இறங்கிப் போச்சுடா தம்பி. தண்ணிக்குப் பலம் குறைஞ்சுது. வாயைப் பெரிசாக்கினாத்தான் உங்க கழனிக்குப் போய்ச் சேரும்” என்றார்.

இதனை மேல்மடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று மாலையே ஊரில் வழக்கு. எங்களுக்கு மூன்று துளை, அவனுக்கு மட்டும் நான்கு துளையா என்றார்கள். என் தந்தையார் எழுத்தறிவு குறைந்தவர். ஏதோ நியாயம் தம் பக்கம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நாழிகை எல்லார்க்கும் ஒன்று, ஆகவே மதகின் வாயும் எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பஞ்சாயத்துத் தீர்ப்பாயிற்று. கேட்பதற்கு அது முழு நியாயமாகவே இருந்தது. அந்த ஆண்டு எங்கள் சம்பா, பால் பிடிக்கும் தறுவாயில் காய்ந்துபோயிற்று.

நியாயம் எங்கே தவறியது என்பது பல ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் பௌதிகம் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. அதற்கு நாம் உத்திரமேரூரை விட்டுச் சற்றே ரோமாபுரிக்குப் போய்வர வேண்டும்.

கி.பி. 97-இல் பிரான்டைனஸ் என்னும் பெரியவர் ரோம் நகரத்தின் நீர் விநியோகத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். மலைகளிலிருந்து கற்பாலங்கள் வழியாக நகருக்கு வந்த நீர், வெண்கலக் குழாய்முனைகள் மூலம் வீடுகளுக்கும் குளிப்பிடங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. குழாயின் வாய் எவ்வளவோ, அவ்வளவே நீர் என்பது அவர்கள் கணக்கு. பிரான்டைனஸ் ஏடுகளைப் புரட்டினார். இடங்களுக்குப் போய் நேரில் அளந்தார். ஏட்டுக் கணக்கும் நேர்க் கணக்கும் ஒத்து வரவில்லை. களவாகப் பொருத்திய குழாய்கள் பல அகப்பட்டன. அதுவன்றி, வாய் ஒரே அளவாயிருந்தாலும் தாழ்ந்த இடத்தில் வைத்த குழாயில் நீர் மிகுதியாக வருவதையும் அவர் கவனித்து எழுதி வைத்தார். காரணம் வேகம் என்பது அவர்க்குப் புலப்பட்டது. ஆனால் வேகத்தைக் கணக்கினுள் கொண்டுவரும் வழி அவர் காலத்தில் இல்லை. எங்கள் பஞ்சாயத்தார் செய்த பிழையை உலகத்தின் பெரும் பேரரசு ஒன்று பல நூற்றாண்டுகள் செய்துகொண்டிருந்தது என்று அறிந்தபோது, அவர்கள்மீது எனக்கிருந்த வருத்தம் பாதி தணிந்தது.

கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ காஸ்டெல்லி 1628-இல் ஓடும் நீரின் அளவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாயின் பரப்பையும் நீரின் வேகத்தையும் பெருக்கினால் வருவதே ஓட்டம் என்று அதில் தெளிவாக நாட்டினார். அவரிடம் பயின்ற டாரிசெல்லி, வேகம் எதைப் பொறுத்தது என்பதை 1644-இல் சொன்னார். துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்துடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. கணக்கைக் கண்டு மாணவர்கள் அஞ்ச வேண்டா. உயரத்தை அடியில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை எட்டால் பெருக்கினால், வினாடிக்கு இத்தனை அடி என்று வேகம் கிடைத்துவிடும். மதகின்மேல் ஒன்பதடி நீர் நின்றால் வேகம் 24 அடி, நாலடி நின்றால் 16, ஓரடியானால் 8.

இப்போது எங்கள் வழக்குக்கு வருவோம். ஒரு முறைச் சுற்றில் மேல்மடைக்குத் தண்ணீர் விடும்போது ஏரியில் நாலடி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்று கடைமடைக்கு வருவதற்குள் இரண்டேகால் அடியாக இறங்கிவிட்டது. இரண்டேகாலின் வர்க்கமூலம் ஒன்றரை; வேகம் 12 அடி. மேல்மடையானுக்கு 16, எனக்கு 12. மதகின் வாய் அரைச் சதுர அடி என்றும், விளிம்பில் நீர்த்தாரை ஒடுங்குவதால் கணக்கில் பத்தில் ஆறு பங்கே உண்மையில் வரும் என்றும் கொண்டால், ஒரு நாழிகையில் அவர்க்கு 6,912 கன அடி. எங்களுக்கு 5,184 கன அடி. நாழிகையும் சரி, வாயும் சரி. நீர் மட்டும் கால் பங்கு குறைவு! இதன்மேல் நெடுவாய்க்காலில் மண் குடிப்பது வேறு.

நான்காம் துளையில் ஆணி செருகிய முதியவர் டாரிசெல்லியைப் படித்தவரல்லர். அவர் செய்ததோ சரியான செயல். அழுத்தம் குறையுமிடத்தில் பரப்பைக் கூட்டினால் ஓட்டம் சமனாகும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்து இக்கணக்கைத் தந்தையாருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை அன்றைக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையே” என்றார். அம்முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

வாயின் பரப்பு, நீரின் அழுத்தம் என்னும் இவ்விரண்டில் ஒன்றை நிலைநிறுத்திக்கொண்டு மற்றொன்றைப் பார்த்தால் ஓட்டத்தை அறியலாம். கருவி செய்தவர்கள் முதலில் பரப்பை நிலைநிறுத்தினார்கள். இத்தாலியரான வெஞ்சுரி, இடை ஒடுங்கிய குழாயில் நீர் ஓடும்போது அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டார். அதனைக் கொண்டு அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷெல் 1887-இல் ஓர் ஓட்டமானியைச் செய்து, முன்னோர்க்கு மரியாதையாக அதற்கு வெஞ்சுரியின் பெயரையே இட்டார். இதே ஹெர்ஷெல் 1899-இல் பிரான்டைனஸின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறியாளர்க்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் அவருடைய வாழ்க்கையைப் பார்க்கலாம்.

வெஞ்சுரி மானி பெருங்குழாய்களுக்கு மிக ஏற்றது. ஆயின் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஓட்டம் பாதியானால் அழுத்த வேறுபாடு பாதியாவதில்லை, காலாகிவிடுகிறது. முழு ஓட்டத்தில் 100 மில்லிமீட்டர் காட்டும் கருவி, பாதி ஓட்டத்தில் 25 காட்டும். பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் காட்டும். மெல்லிய ஓட்டங்களை அளக்க வேண்டியவனுக்கு, அளவுகோலின் அடியில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும்.

ஆகவே மறுவழியைப் பார்க்கலாம். அழுத்தத்தை நிலைநிறுத்திவிட்டுப் பரப்பை மாறவிட்டால் என்ன? ஜெர்மனியில் ஆஹன் நகரத்தைச் சேர்ந்த கார்ல் கூப்பர்ஸ் என்பவர் 1908-இல் அத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பயனை உணர்ந்த பெலிக்ஸ் மேயர் அந்நகரிலேயே 1909-இல் ஒரு தொழிற்சாலை தொடங்கி அதைச் செய்து விற்கலானார். கருவிக்கு ரோட்டாமீட்டர் என்று பெயர் வழங்கிற்று. யூதரான மேயர், பின்னாளில் நாஜிகளின் கொடுமையால் தாம் வளர்த்த தொழிலை விட்டுப் பெல்ஜியத்துக்குப் போக நேர்ந்தது.

கருவியைப் பார்த்தால் குழந்தை விளையாட்டுப் பொருள்போல இருக்கும். செங்குத்தாக நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் குறுகலாகவும் மேலே போகப்போகச் சிறிது அகலமாகவும் இருக்கும். உள்ளே ஒரு சிறு மிதவை. மிதவை என்று பெயரேயன்றி, அது தானாக மிதப்பதன்று. குழாயில் ஓட்டம் நின்றால் அடியில் போய் அமர்ந்துவிடும் கனமான பொருள்தான். நீரோ காற்றோ கீழிருந்து மேலே பாயும்போது அது மிதவையை உந்தித் தூக்குகிறது. மிதவை உயர உயர, அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையேயுள்ள வளையம் அகலுகிறது. வளையம் அகன்றால், பாய்வது அவ்வழியே தாராளமாகப் போய்விடும். உந்தும் விசை தளரும். உந்துவிசை மிதவையின் எடைக்குச் சரியாக வரும் இடத்தில் மிதவை நின்றுவிடுகிறது. எடை மாறாதது. ஆகையால் மிதவைக்குக் கீழும் மேலும் உள்ள அழுத்த வேறுபாடும் மாறாதது. அழுத்தம் மாறாவிட்டால் வளையத்தின் வழியே பாயும் வேகமும் மாறாது. வேகம் மாறாதபோது, ஓட்டம் வளையத்தின் பரப்பை மட்டுமே பொறுத்தது. பரப்போ மிதவை நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. குழாயின்மேல் சீரான இடைவெளியில் கோடு கிழித்து எண் எழுதிவிடலாம். வர்க்கமூலத்தின் தொல்லை ஒழிந்தது!

எங்கள் மதகை நினைத்துப் பாருங்கள். அங்கே சாய்வான உருவம் அடைப்புக் கட்டைக்கு இருந்தது. இங்கே குழாய்க்கு இருக்கிறது. வளையம் இரண்டிலும் ஒன்றே. அங்கே ஏரியின் பலத்தைக் கண்ணால் மதித்து ஒரு முதியவர் கம்பை ஏற்றினார். இங்கே மிதவை தன் எடையைக் கொண்டு தானே ஏறி இறங்கித் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது. இக்கருவிகளை ஆங்கிலேயர் தம் மொழியில் ‘மாறும் பரப்பு மானி’ என்ற பொருள்படவே அழைக்கின்றனர்.

ரோட்டாமீட்டர் என்ற பெயர் சுழற்சியால் வந்தது. பழைய மிதவைகளின் விளிம்பில் சாய்ந்த வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பாய்வது அப்பள்ளங்களில் மோதும்போது மிதவை பம்பரம்போலச் சுழலும். அழகுக்காகச் செய்ததன்று அது. தூசியாலோ மின்னேற்றத்தாலோ மிதவை சுவரில் ஒட்டிக்கொண்டால், ஓட்டம் நின்றபின்னும் அது பொய்யளவு காட்டிக்கொண்டிருக்கும். சுழல்கின்ற மிதவை ஒட்டிக்கொள்ளவில்லை என்பது கண்டவுடனே தெரிந்துவிடும்.

பொய்யளவால் உயிர் போகும் இடமும் உண்டு. மயக்க மருந்து தரும் மருத்துவர், மயக்கும் வாயு இவ்வளவு, பிராணவாயு இவ்வளவு என்று கலக்க வேண்டும். ஹைடல்பர்க் நகரத்து மருத்துவர் மாக்ஸ்மிலியன் நாய் 1910-லேயே தம் மயக்கக் கருவியில் ரோட்டாமீட்டர்களைப் பொருத்தினார். ஆயினும் அவ்வழக்கம் உடனே பரவவில்லை. இங்கிலாந்தில் 1917-இல் தோன்றிப் புகழ்பெற்ற பாயில் கருவியில், வாயுவை நீர்ப்புட்டியினுள் குமிழிவிடச் செய்து, எத்தனை துளைகளில் குமிழி வருகிறது என்று எண்ணி ஓட்டத்தை மதித்தார்கள். மிதவைக் குழாய்கள் அங்கே இடம்பெற்றது 1937-க்குப் பிறகே. நல்ல கருவியொன்று கையெட்டும் தொலைவில் இருந்தும், அதை எடுத்துக்கொள்ள மனிதர்கள் கால் நூற்றாண்டு தயங்குவது சரித்திரத்தில் புதிதன்று.

ஒரு வாயுவுக்கென்று கோடு கிழித்த குழாய் வேறொரு வாயுவுக்கு உதவாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிராணவாயுக்குரிய குழாயில், எட்டில் ஒரு பங்கே அடர்த்தியுள்ள ஹீலியத்தைச் செலுத்தினால், மிதவை பத்து லிட்டர் காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 28 லிட்டர் போய்க்கொண்டிருக்கும். குழாய் சாய்ந்தாலும் அளவு கெடும். மிதவை குண்டாக இருந்தால் அதன் நடுவையும், தட்டையான தலையுள்ளதாக இருந்தால் மேல் விளிம்பையும் நோக்கி எண்ணைப் படிக்க வேண்டும்.

இவையெல்லாம் நான் முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையின்போது, இவற்றை நானே ஒரு தேர்வாக எழுத நேர்ந்தது. என் தம்பியை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அவன் தலைமாட்டில் பிராணவாயு உருளை ஒன்று. அதன்மேல் அழுத்தமானியும், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தன. குழாய்க்குள் ஒரு சிறு குண்டு பத்து என்ற கோட்டில் நின்று மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர். பெரிய உருளையில் 7,000 லிட்டர் வாயு அடங்கும் என்பது எனக்குத் தெரியும். பத்தால் வகுத்தால் 700 நிமிடம். பதினொரு மணி நாற்பது நிமிடம். இரவு ஒன்பது மணிக்கு உருளை மாற்றியிருந்தார்கள். காலை எட்டரை வரை கவலையில்லை என்று கணக்கிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணயரப் போனேன்.

அப்போது அவ்வழியே வந்த பணிப்பெண் ஒருவர் நின்று, “சார், முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்தீங்களா?” என்றார். எழுந்து பார்த்தேன். முழு உருளையில் 150 காட்ட வேண்டிய அழுத்தமானியின் முள் 100-இல் நின்றது. உருளை முழுதாக நிரப்பப்படாமல் வந்திருக்கிறது. அதில் இருந்தது 7,000 அன்று. ஏறத்தாழ 4,670 லிட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே அது தீர்ந்துவிடும். நான் எட்டரைக்கு எழுந்திருப்பேன்.

குண்டு என்னை ஏமாற்றவில்லை. அது சொல்வது ஓட்டத்தை மட்டும். மிச்சம் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. உருளையின் வாயில் அழுத்தத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும் சீராக்கி ஒன்று உண்டாகையால், உருளை காலியாகும் கடைசித் தறுவாய்வரை குண்டு பத்திலேயே நிற்கும். அதன்பின் திடீரென்று கீழே இறங்கும். மதகின் வாயைப் பார்த்து ஏரியின் ஆழத்தை அறிய முடியுமா? ஏரி வாரியத்தான் மதகையும் பார்க்க வேண்டும், ஏரியையும் பார்க்க வேண்டும். பௌதிக ஆசிரியனாகிய நான் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றை மறந்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அப்பெண்மணி இரண்டையும் பார்த்தார். நாலரை மணிக்கு அவரே வேறோர் உருளையை உருட்டிக்கொண்டு வந்து மாற்றச் செய்தார். பழைய உருளையின் முள் அப்போது பூச்சியத்தின் அருகில் இருந்தது. குண்டு இன்னும் பத்திலேயே இருந்தது.

மூன்றாம் நாள் செவிலியர் திருகைச் சற்றே மூடி, குண்டை எட்டுக்கு இறக்கினார். மறுநாள் ஆறு, அதன்பின் நாலு, இரண்டு. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் தம்பியின் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்துவிட்டே இறக்குவார். ஒன்பதாம் நாள் காலையில் திருகை முழுதும் மூடினார். குண்டு குழாயின் அடிக்குப் போய் அமர்ந்தது. தம்பி அதைப் பார்த்தபடியே படுத்திருந்தான். சிறிது நேரத்துக்குப் பிறகு, கழனியில் இந்த ஆண்டு நவரைக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டான்.